முகூர்த்தப் பாவும் என் கையும்

ஆறுதல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் அடிவயிற்றிலிருந்து ஒரு புளிப்பு மேலே ஏறுகிறது. பன்னீரும் அக்குள் வியர்வையும் கலந்த வாடை அந்தச் சொல்லுக்கு. ஈ மொய்த்த கேசரியின் பிசுபிசுப்பு அதற்கு. நாற்பதைத் தாண்டிவிட்டேன், சிகைக்காய் போட்டுத் தேய்த்தாலும் அந்தப் பிசுபிசுப்பு விரலிடுக்கை விட்டுப் போவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்தில் மாமியார் வீடு. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்காரப் பிடிக்காமல், மீசை அரும்பும் வயதில் ஓடிப்போய்ச் சேர்ந்தவர். வடக்கே எங்கெங்கோ இருந்தார், லீவுக்கு வந்தார், என்னைக் கட்டிக்கொண்டார், போனார். பிறகு உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து அனுப்பும் அமைதிப் படையில் சேர்த்து அவரைக் காங்கோவுக்குக் கப்பலேற்றினார்கள். ஆப்பிரிக்கா. எங்கள் தெருவில் யாருக்கும் அது எந்தத் திசை என்று தெரியாது. மாமியார் மட்டும் விளக்கேற்றிவிட்டுத் தெற்கே பார்த்து ஒரு கும்பிடு, மேற்கே பார்த்து ஒரு கும்பிடு போடுவார். "எங்கியோ ஒரு பக்கம் போய்ச் சேரட்டும்."

எனக்குக் கும்பிடத் தெரியவில்லை. எனக்கு இழை பிணைக்கத் தெரிந்தது.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு ஓடி முடியும்போது, பழைய பாவின் கடைசி முனைகள், இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சில் நின்றிருக்கும். புதிய பாவின் முனைகளை அவற்றோடு ஒவ்வோர் இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். விரல் நுனியில் கொஞ்சம் சாம்பல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசும் ஒரு சின்ன உருட்டல். ஒன்று. அடுத்தது. அடுத்தது. ஆயிரக்கணக்கான இழைகள். கண்ணில் தெரிவதைவிட விரலில்தான் அதிகம் தெரியும் அந்தப் பட்டு. எங்கள் வீட்டில் அது என் வேலை. அதைச் செய்யும்போது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் கப்பல் நின்றுபோகும். காடு நிற்கும். துப்பாக்கி நிற்கும். விரல் ஓடும்வரை நான் யாருடைய மனைவியும் இல்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அந்த வேலை இல்லாமல் போயிருந்தால் அந்த வருஷத்தை நான் கடந்திருக்க மாட்டேன். இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. பின்னால் கொஞ்ச நாள் அது இல்லாமல் இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

ஊருக்கு என் விரல் தெரியாது. ஊருக்கு நான் பட்டாளத்தான் பெண்டாட்டி. பாவப்பட்டவள். ஆறுதல் சொல்லப்பட வேண்டியவள்.

அதற்கென்று ஒரு மாதர் சங்கம் இருந்தது. எங்கள் மாமனாருக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்துப் புடவையாக வாங்கிக்கொள்ளும் ஜவுளிக்கடை முதலாளியின் மனைவிதான் அதற்குத் தலைவி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டு ஹாலில் கூட்டம். பட்டாளத்துக்குப் போனவர்களின் மனைவிகளை முன்வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார வைப்பார்கள்: மாகறலிலிருந்து ஒருத்தி, ஏனாத்தூரிலிருந்து ஒருத்தி, நான். அவர்கள் இருவரின் புருஷன்மாரும் இந்த நாட்டுக்குள்ளேதான் இருந்தார்கள். கடல் தாண்டியது என்னுடையவர் மட்டும். அதனால் எனக்கு நட்ட நடுவில் இடம்.

தலைவியம்மா வந்து என் தலையைத் தடவுவார். உச்சியிலிருந்து பின்னல் வரைக்கும், மாட்டைத் தடவுவது போல. விற்பதற்கு முன் தடவுவார்களே, அந்தத் தடவல்.

"கொழந்தே, நீ வீர மனைவி. அழக்கூடாது."

நான் அழவில்லை. அழாததும் அவர்களுக்குக் குறையாக இருந்தது. பின்வரிசையில் ஒரு குரல், விசிறிக்குப் பின்னாலிருந்து: "அழுவவே இல்லியே பாரு. கல்லு மாதிரி குந்திக்கினு இருக்குது."

அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணில் தூசி விழுந்து தண்ணீர் வந்தது. அதே விசிறி: "எதுக்கு இப்பவே அழுவுறா, அபசகுனம்!"

பூ வைத்துக்கொண்டு போனால், யாருக்குக் காட்ட என்றார்கள். வைக்காமல் போனால், புருஷன் இருக்கும்போதே மொட்டையாக வருகிறாளே என்றார்கள். ஒரு முழத்தைப் பாதியாக நறுக்கி வைத்துப் பார்த்தேன். அதற்கும் பேச்சிருந்தது.

பட்டாளம் என்றால் பனி என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கம்பளி நூல் வந்திறங்கியது, மூட்டை மூட்டையாக. காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில், காற்று நகராத அந்த ஹாலில், மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு நாங்கள் கழுத்துக்குட்டை பின்னினோம். ஈர ஆட்டின் நாற்றம். மயிர் உதிர்ந்து உதட்டில் ஒட்டும்.

"அம்மா, காங்கோவுல நம்மூரை விட வெயில்னு எழுதியிருக்காரும்மா," என்றேன் ஒருமுறை.

தலைவியம்மா சிரித்தார். "உன்னைப் பயமுறுத்தக் கூடாதுன்னு அப்பிடி எழுதுறாரு. பட்டாளம்னா குளிர்தாம்மா. நீ பின்னு."

பின்னினேன். ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனேன். மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னா, செத்த பூனையா?" அன்றிலிருந்து அது உலையிறக்கும் கரித்துணியானது. அந்த வருஷத்தில் அந்தச் சங்கம் எனக்குச் செய்த ஒரே உபகாரம், கை சுடாமல் சோறு வடித்தது.

பிறகு மழைக்காலத்தில் ஒரு நாள் படிப்பகத்து ரேடியோ காங்கோ என்றது. சண்டை என்றது. இந்திய வீரர்கள் தரப்பில் உயிர்ச்சேதம் என்றது. பெயர் சொல்லவில்லை. கடைசிக் கடிதம் வந்து வெகு நாளாகியிருந்தது.

மறுநாள் காலையில் குழாயடியில் நான் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. எல்லாக் கண்களும் என் கழுத்துக்குப் போயின. கழுத்துக்கு. முகத்துக்கு அல்ல. என் தாலிக்கயிற்றின் மஞ்சளைப் பார்த்து, ஆப்பிரிக்காவில் ஒரு மனிதன் மூச்சு விடுகிறானா என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். ஒரு பெண் என் குடத்தை நிரப்பிக் கொடுத்தாள், என் கை மேல் பட்டுவிடாமல், குடத்தின் கழுத்தை மட்டும் பிடித்து. நல்ல மனசுதான். அந்த நல்ல மனசைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சங்கத்தில் வழக்கம்போல் மஞ்சள் குங்குமத் தட்டு வந்தது. மாகறல்காரிக்குக் கொடுத்தார்கள். தட்டு என் முன் வந்து நின்றது. தலைவியம்மாவின் விரல்கள் குங்குமச் சிமிழுக்கு மேலே ஒரு கணம் தயங்கின. பிறகு தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு ஏனாத்தூர்க்காரியிடம் போய்விட்டார். அவளுக்கு மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு, பூ. எனக்கு ஒரு பழம்.

கறுத்த பழம். காம்பு அழுகியிருந்தது. அதை நான் வழியில் ஒரு மாட்டுக்குப் போட்டேன். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோனது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். மனிதர்கள் பயந்தவர்கள்; பயத்துக்குச் சந்தனம் பூசிக்கொள்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது.

கடையிலிருந்து முகூர்த்தப் புடவைக்குப் பாவு வந்தது. அரக்கு நிறம். தென்னேரியில் நிலபுலம் உள்ள ஒரு வீட்டுக் கல்யாணம். மாமனார் தறியில் ஏற்றினார். நான் சாம்பல் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். கால்வாசி பிணைத்திருப்பேன். வாசலில் ஜட்கா வந்து நின்றது. தலைவியம்மா இறங்கினார். எங்கள் வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மாமனார் குழியிலிருந்து எழுந்து தோள்துண்டை இடுப்புக்கு இறக்கினார்.

தலைவியம்மா நேரே என்னிடம் வந்து, தலையைத் தடவினார்.

"ரொம்ப இளைச்சிட்டியேம்மா. மனசுல இவ்ளோ பாரத்தை வெச்சிக்கினு இந்த வேலை எதுக்கு? உனக்கு ஓய்வு வேணும். சங்கத்துல கூடப் பேசினோம்."

"இதுதாம்மா எனக்கு ஓய்வு," என்றேன். விரலை நிறுத்தவில்லை.

"வேற பாவு பிணைச்சுக்கோ. யாரு வேணாம்னா? இது மட்டும் வேணாம்."

அடுப்படியிலிருந்து மாமியார் வந்தார், முந்தானையில் கை துடைத்துக்கொண்டு. "இது மட்டும்னா இன்னா அர்த்தம்?"

"இது முகூர்த்தத்துக்கு இல்லியா..."

"நேராப் பேசும்மா. எம் புள்ள பூட்டான்னு உனுக்கு எவன் வந்து சொன்னான்?"

"சிவ சிவா! யாரு அப்பிடிச் சொன்னா? மகராசனா இருக்கட்டும். தகவல் வர்ற வரைக்கும்தான். தென்னேரிக்காரங்க காதுல விழுந்துச்சுன்னா நாளைக்கு நம்மளத்தானே கேப்பாங்க?"

"தென்னேரி வரைக்கும் போயி யாரு ஓதப் போறா? நீ ஓதாம இருந்தாப் போதும்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்தப் பொண்ணு மனசு தாங்கணுமே."

என் மனசு. அதை அவர் தாம்பாளத்தில் வைத்து எடுத்து வந்தது போல் பேசினார். இருக்கிறானா, இல்லையா என்று ஊருக்குத் தெரியாத ஒருவனுக்காக என் விரல்களை முன்கூட்டியே விதவையாக்கிவிட்டு, அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தார்கள். அப்படியொரு அருவருப்பு அதற்குப் பிறகு எனக்கு எதன்மேலும் வந்ததில்லை. பட்டு அவிக்கும் அண்டாவிலிருந்து வரும் அழுகல் நாற்றம் பழகிய மூக்கு என்னுடையது. அது தாங்கும். இதைத் தாங்கவில்லை.

மாமனாரைப் பார்த்தேன். அவர் பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைதான் எங்கள் அடுப்பு.

"எழுந்திரும்மா," என்றார். தரையிடம் சொல்வது போல்.

எழுந்தேன். அடுத்த தெருவிலிருந்து ஒருத்தி வந்து, நான் பிணைத்ததையெல்லாம் அறுத்துவிட்டு, முதலிலிருந்து பிணைத்தாள். அறுத்த துணுக்குகள் கொஞ்ச நாள் தறிக்குழிக்குள் கிடந்தன. சிவப்பாக. கோழி கொத்திய குடல் மாதிரி.

வேறு பாவு வரவில்லை. கல்யாணக் காலம், வந்ததெல்லாம் முகூர்த்தம். நான் ஓய்வெடுத்தேன். ஓய்வு என்பது என்ன தெரியுமா? சுவரைப் பார்ப்பது. கப்பல் வருவது. காடு வருவது. லாரி கவிழ்வது. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கவிழ்வது. என் முந்தானைக் குஞ்சத்தைப் பிரித்துப் பிரித்து முறுக்கினேன். பாய்க்கோரையைப் பிய்த்து முறுக்கினேன். சோற்றைப் பிசையும்போது பருக்கையை உருட்டிக்கொண்டே இருப்பேன், வாய்க்குப் போகாது. மாமியார் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைப்பார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சங்கத்திலிருந்து ஆள் வந்தது: கூட்டத்துக்கு ஏன் வரவில்லை, எல்லாரும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள் என்று. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலைவலித் தைலம் வந்தது.

எதிர்வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம். அவர்களும் தறிக்காரர்கள். அந்த வீட்டு அக்காவுக்குச் சத்தம் போட்டுப் பேசத்தான் தெரியும். ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். ஒரு நாள் மத்தியானம் எங்கள் கூடத்துக்குள் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏமே புள்ளே, சும்மாத்தானே குந்தியிருக்கிறே? எழுந்து வா. எனக்கு முழங்கை வீங்கிப் போச்சு. பாவு பிணைக்கணும்."

"இன்னா பாவுக்கா?"

"எம் பொண்ணுக்கு. தை மாசம் கல்யாணம். கண்டவன் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நெய்யுறோம், எம் பொண்ணு மட்டும் நூல்புடவையில குந்தணுமா? ஜரிகை கடனா வாங்கியிருக்கேன். வா."

முகூர்த்தப் பாவு.

"அக்கா, எனக்குத் தகவல் இன்னும்..."

"தெரியும். அந்தத் தைலக்காரி வந்து போனது தெரியும். ரேடியோ தெரியும். எல்லாம் எனக்கும் காது இருக்குது." குரலைத் தாழ்த்தவில்லை; தெருவே கேட்டது. "உம் புருஷன் இருக்கானா இல்லியா, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. உன் கை இருக்குது. அது தெரியுது. வர்றியா, வேற ஆளைக் கூப்பிடவா?"

அதுவரைக்கும் என்னிடம் எல்லாரும், அவர் நன்றாக இருப்பார், ஒன்றும் ஆகாது, கடவுள் இருக்கிறார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். சொல்லிக்கொண்டே கழுத்தைப் பார்த்தார்கள். தெரியாது என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான். அந்த ஒரு சொல்லில் காற்று வந்தது.

போனேன். அவள் புருஷன் திண்டாடி நின்றான். "ஊரு இன்னா சொல்லும்டீ..." என்று ஆரம்பித்தான். "நோரு மூய்," என்றாள். வாயை மூடு என்று தெலுங்கு தெரியாத எனக்கே புரிந்தது. கல்யாணப் பெண் மூலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு முறத்தைத் தட்டினாள்.

கிளிப்பச்சைப் பாவு. சாம்பல் தொட்டேன். முதல் இழை வழுக்கியது. விரல் மறந்திருந்தது. இரண்டாவதும் வழுக்கியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டு, எங்கள் தெருவில் யார் யார் எண்ணெய் கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை என்று வைதுகொண்டிருந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது இழை நின்றது. நான்காவது. பிறகு எண்ணவில்லை. சாயங்காலம் நிமிர்ந்தபோது கழுத்து கடுத்தது, பசித்தது. அந்த வீட்டுக் கோங்கூரத் துவையலும் சோறும் கொடுத்தாள். தட்டு நிறையத் தின்றேன்.

அந்தப் பெண் பிறகு நன்றாக வாழ்ந்தாளா என்று இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். படித்தவர்கள் கூட. நான் பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்வியே எனக்குக் குமட்டுகிறது.

என் வீட்டுக்காரர் இருந்தார். கடிதங்கள் எங்கோ தேங்கியிருந்து மொத்தமாக வந்தன. அடுத்த கோடையில் அவரே வந்தார், கறுத்து, காது ஒன்று கொஞ்சம் மந்தமாகி. அவர் வந்த அடுத்த வாரம் ஜட்கா மறுபடி வந்து நின்றது. தலைவியம்மாவின் பின்னால் ஆள் ஒருவன் தாம்பாளம் தூக்கி வந்தான்: மஞ்சள், குங்குமம், பூ, ரவிக்கைத் துண்டு, இம்முறை பொன்னிறமான பழம், சீப்பாக.

"கடல் தாண்டிப் போன புருஷனைத் தாலிபலத்தால திருப்பிக் கொண்டாந்த கை," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "இனிமே நம்ம கடை முகூர்த்தப் பாவு எதுவா இருந்தாலும் முதல் இழை இவ கைதான் தொடணும். ஊரே கேக்குது."

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். குண்டு அவர் பக்கம் வரவில்லை. என் தாலிக்கு அதில் என்ன வேலை? அப்படியானால் வராமல் போனவர்களின் பெண்டாட்டிகள்? அவர்கள் கயிற்றில் பலம் குறைச்சலா? அழுகிய பழம் தந்தபோதுகூட இவ்வளவு குமட்டவில்லை எனக்கு. அன்று என்னைப் பிணமாக்கியது, இன்று என்னைச் சாமியாக்கப் பார்ப்பது, ரெண்டும் ஒரே கை.

"முடியாதும்மா," என்றேன்.

மாமனார் தலை நிமிர்ந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நடந்தது பாதிதான் தெரியும். "ஒரு இழைதானே, தொட்டுக் குடுத்துட்டுப் போயேன். ஆசையாக் கேக்குறாங்க," என்றார்.

அவரிடம் திரும்பினேன். அந்த வருஷமெல்லாம் எனக்குள் முறுக்கி முறுக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"நீங்க வரவே இல்லேன்னாலும் நான் முகூர்த்தப் பாவு பிணைச்சிருப்பேன். எதிர்வீட்டுல பிணைச்சேன். நீங்க இருக்கீங்களா இல்லியான்னு தெரியாமத்தான் பிணைச்சேன்."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவியம்மா, "சிவ சிவா, கட்டினவன் எதிர்லயே..." என்று இரண்டடி பின்னால் போனார். தாம்பாளக்காரன் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் பூவைப் பிடித்தான். என் வீட்டுக்காரர் மந்தமான காதைத் திருப்பி, நல்ல காதால் என்னைக் கேட்டார். கவளம் கையிலேயே இருந்தது. பிறகு மாமனாரிடம் மட்டும் கேட்டார், "இவளை யாரு எழுப்பினாங்க பாவுலேர்ந்து?"

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

கடை எங்களுக்குப் பாவு கொடுப்பதை நிறுத்தியது. இரண்டு மாதம் தறி சும்மா கிடந்தது, கூழ் குடித்தோம். பிறகு மாமனார் வேறொரு கடையில் சொல்லி ஒரு பாவு வாங்கி வந்து, தறியில் ஏற்றி, சாம்பல் கிண்ணத்தைத் தானே கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். மாம்பழ நிறம். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.